தம்ளர் பரீட்சை

புதுப் பென்சில் எதையும் அக்கா லேசில் நம்பிவிடுவதில்லை. ஒரு துண்டுச் சீட்டில் தன் பெயரை எழுதி, தம்ளர் தண்ணீரில் முக்கிவைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது எழுத்து அப்படியே இருந்தால்தான் அந்தப் பென்சிலுக்கு அவருடைய கொண்டையில் இடம்.

விதைக் காப்பகத்தில் அறுநூற்றுச் சொச்சம் துணிப்பைகள் அவர் பொறுப்பு. எந்த விதை, எந்த வயல், எந்த வருடம் என்று ஒவ்வொன்றுக்கும் பென்சிலில் ஒரு சீட்டு. பெயர் தொலைந்தால் விதை அநாதைதான். தப்பாக எழுதிவிட்டால் டீயோடு வரும் ரொட்டியில் கொஞ்சம் கிள்ளி, உருட்டித் தேய்ப்பார். "ரப்பர் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் இப்படித்தான் அழிச்சாங்க. பசிச்சா அப்படியே வாயில போட்டுக்கலாம்" என்பார். அடுத்து, மலையடிவாரத்து இடையர்கள் ஒரு கரிய கல்லைக் கண்டெடுத்து ஆடுகளுக்கு அடையாளம் போட்ட கதை வரும். அப்படித்தான் பென்சில் பிறந்தது என்பது அவர் சரித்திரம். பஸ் ஓட்டும் கணவர் இந்தக் கதையை இருபது வருடமாகக் கேட்டுவருகிறார். அந்த ஆடே நேரில் வந்தாலும் இதைக் கேட்டு ஓடிவிடும் என்பது அவர் கருத்து.

புதிதாக வந்த அதிகாரிக்குப் பென்சில் ஆகவே ஆகாது. அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு. அழித்து எழுதினால் யார் கண்டுபிடிப்பது என்றார். பைக்கு வெளியே பேனாவால் எழுதி ஒட்ட வேண்டும், பழைய சீட்டுகள் குப்பைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. அக்கா தலையாட்டினார், எழுதினார், ஒட்டினார். சீட்டுகளைக் குப்பையில் போடத்தான் கை வரவில்லை. யாருக்கும் தெரியாமல் மடித்து, அந்தந்தப் பையில் விதைகளுக்கு நடுவிலேயே செருகிவிட்டார்.

போன மாதம், இரண்டு நாள் விடுமுறையில் மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. கதவைத் திறந்தபோது பைகளெல்லாம் ஊறிக் கிடந்தன. வெளியே நீலக் கறை இருந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை. அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. விதையை உலர்த்திவிடலாம், எது எதுவென்று யார் சொல்வது?

அக்காவுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. தம்ளர் பரீட்சை ஒரு டீ நேரத்துக்குத்தான். இதுவோ இரண்டு நாள் ஊறல். முதல் பையின் சுருக்கைத் தளர்த்தி, ஈரச் சீட்டை உள்ளங்கையில் வைத்து, கிழியாமல் பிரித்தார். படிக்க முடிந்தது. அடுத்ததும் அப்படியே. பத்தாவது பையைப் பார்த்ததும் நனைந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"எல்லாம் இருக்கு சார். உங்ககிட்ட சொல்லாம உள்ள வச்சிட்டேன். திட்டுறதா இருந்தா அப்புறமா திட்டுங்க. மொதல்ல எல்லாத்தையும் காய வைப்போம்."

அதிகாரி திட்டவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு, மாலை வரை அவரும் செய்தித்தாள் விரித்து விதைகளைப் பரப்பினார். நைந்துபோன நாலைந்து சீட்டுகளை மட்டும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பழக்கத்தில் பேனாவை எடுத்தவர், ஒரு கணம் அதைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டு அக்காவிடம் கையை நீட்டினார்.

அக்கா கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். நுனியைப் பார்த்தார். பிளேடு எடுத்து, நிதானமாக இரண்டு சீவு சீவி, ஊதிவிட்டுத்தான் கொடுத்தார்.