முட்டிச் சில்லும் மாஸ்டர் வைத்த பேரும்

பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளுக்குத் துணி விரிக்கிறவனுக்கு உட்கார இடம் கிடையாது. டேபிள் நீளத்துக்கு நடை, கோடியில் ஒரு திருப்பம், மறுபடியும் நடை. அந்த நடையில் முட்டி எனக்குச் செய்தது ஒரு கெடுதல், எங்கள் கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன் செய்தது இன்னொன்று. நின்றே முட்டி தேய்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கேளுங்கள்.

பேர் வைத்த நாள்

எண்பதுகளின் கடைசி. துணியை இழுத்துக்கொண்டு கோடியில் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முட்டிச் சில்லு வெளிப்பக்கம் நழுவ, அலறிக்கொண்டு வேஸ்ட் துணிக் குவியலில் விழுந்தேன். காலை நீட்டியதும் சில்லு தானாக இடத்துக்கு வந்துவிட்டது. மாஸ்டர் வந்து பார்த்தபோது முட்டி சாதுவாக இருந்தது. வாசலில் லாரி வேறு நின்றது. எல்லோர் முன்னாலும் கேட்டார்: "ஏனுங்க நடிகரே, சரக்கு ஏத்தற அன்னைக்குத்தான் உங்களுக்குக் காலு நழுவுமுங்களா?"

கட்டுப் போட்டவர்

அன்றிலிருந்து கம்பெனி முழுக்க நான் நடிகர். சில்லும் சும்மா இருக்கவில்லை. பஸ் படியில், கல்யாணப் பந்தியில், எங்கே வேண்டுமானாலும் நழுவியது. காங்கேயம் பக்கம் ஒரு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். அவிழ்த்த வாரமே மறுபடி நழுவியது. அவரிடம் போய்ச் சேர்வதற்குள் வழக்கம்போல இடத்தில் உட்கார்ந்துவிட்டது. தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் எடத்துலதான இருக்குது சாமி, உங்க மனசுலதான் என்னமோ நழுவுது."

கிடைத்த ஒரு சாட்சி

செக்கிங் பிரிவு ரஹீம் பாய் பக்கத்தில் இருந்தபோது ஒரு தடவை நழுவியது. நீட்டினால் வலி போய்விடும், சாட்சியும் போய்விடும். அதனால் மடக்கின காலை மடக்கினபடியே பிடித்துக்கொண்டு, டீ குடிக்கப் போயிருந்த மாஸ்டரைக் கூட்டிவரச் சொன்னேன். பாய் டீக்கடைக்கு ஓடினார். பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். தனியாகத்தான் திரும்பி வந்தார்: "டீ ஆறிப்போயிருமாம், குடிச்சுட்டு வர்றாராம். காலை நீட்டிருங்கண்ணா, என்னால பார்க்க முடியலீங்க!"

ஆபரேஷன் மேஜை

பல வருசம் கழித்து கோயமுத்தூரில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். சில்லை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிற நார் அறுந்து தொய்ந்துவிட்டதாம். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து, புதிதாகக் கட்ட வேண்டும் என்றார். முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, காது மரக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் பேசினார். அதைக் கேட்க வேண்டிய மாஸ்டரோ திருப்பூரில், கம்பெனியில் இருந்தார். "சிஸ்டர், இங்க பாருங்க, ஒரு விரல்ல தள்ளுனா வெளிய போகுது. இதை வெச்சுக்கிட்டு இந்த மனுசன் எப்படீங்க நின்னு வேலை செஞ்சாரு?"

திரும்பிப் போனது

கக்கத்தில் கட்டை ஊன்றி, முட்டியை மடக்கப் பழகி, மாதக்கணக்கில் வீட்டில் கிடந்து, ஒரு நாள் கம்பெனிக்குப் போனேன். வேட்டியை ஒதுக்கி, கட்டிங் டேபிள் மேலேயே காலைத் தூக்கி வைத்தேன். கட்டிங் மிஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். நடிப்பில்லை என இப்போதாவது ஒப்புக்கொள்வார் என்று நின்றேன். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தழும்பை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். "மேக்கப்பு பிரமாதமுங்க, நடிகரே."

இப்போது அவர் வேலையை விட்டு வீட்டில் இருக்கிறார். நழுவாத இந்தக் காலை வைத்துக்கொண்டு தினமும் அவர் வாசல் வழியாகத்தான் நடக்கிறேன், வைத்த பேரை மனுசன் இன்னும் திரும்ப எடுத்துக்கொண்டபாடில்லை.