பகிடிக்குச் சொன்னதாம்

இன்று புங்குடுதீவு பஸ்ஸில் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஆப்கானிஸ்தானிலிருந்து உயிர் தப்பி வந்த பெண் எம்.பி. ஒருவருக்கு ஆதரவாக, பல நாட்டுப் பெண் உறுப்பினர்களோடு பிரதேச சபை உறுப்பினரான நானும் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டிருந்தேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சக உறுப்பினர் அதைப் பற்றிக் கேட்டார்: "அங்க இருக்கிற பெண்டுகளுக்கு நீர் ஏன் கத்துறீர்? எங்கட பொம்பிளையளுக்கு என்ன குறை?"

"போன சபைக் கூட்டத்தில நான் கதைக்க எழும்ப, 'பொம்பிளை, பேசாமல் இரும்' எண்டது ஆர் அண்ணை?"

"அது சும்மா பகிடிக்கு, சிரிக்கச் சொன்னது."

"அந்த எம்.பி. நேற்று இணையக் கூட்டத்தில சொன்னவ. அவவுக்கும் முதலில பகிடிதானாம். பிறகுதான் துவக்குச் சூடாம்."

மடத்துவெளித் தரிப்பில் அண்ணை இறங்கினார்.

அடுத்த கூட்டத்திலும் எழும்புவேன்.

உங்கள் சபைகளில் பகிடி விடும் அண்ணைமார் எத்தனை பேர்?