பஸ்ஸில் இருந்தபடி தெருவுக்குத் தண்ணீர்

அஜின் அண்ணா, உன் போனை எடுத்துக்கொண்டு கொட்டாரம் போய்விட்டு வந்தேன். திட்டாதே. பத்திரமாக உன் அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். என் அண்ணன் பெரிய நகரங்களில் தெருவிளக்குகளை இணையத்தோடு இணைக்கும் வேலை பார்த்தவன். லீவில் வந்தவன் அருமனையில் எங்கள் தெருவிலும் ஒரு பெட்டி மாட்டினான். அவன் போனிலிருந்து அதைக் கூப்பிட்டு ஒன்றை அழுத்தினால் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடும். இரண்டை அழுத்தினால் பன்னிரண்டு விளக்கும் எரியும். “நம்ம தெருவும் ஸ்மார்ட் சிட்டிதாம்டி” என்று பழைய சுவிட்சைக் கழற்றி எறிந்தான். லீவு முடியும் முன்பே பைக் விபத்தில் போய்விட்டான். ஐந்து மாதமாகிறது. அன்றிலிருந்து அவன் போன் என் கையில்.

போன வாரம் மெசேஜ் வந்தது: சிம்முக்கு உரியவர் நேரில் வந்து கைரேகை வைக்காவிட்டால் நம்பர் நின்றுவிடுமாம். நின்றால் பதினெட்டு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. பெட்டியை அண்ணனோடு சேர்ந்து மாட்டிய சுனில் அண்ணன் கொட்டாரத்தில் கடை வைத்திருக்கிறார். நம்பர் மாற்ற அவரால்தான் முடியும்.

காலை 7.10. மார்த்தாண்டம் பஸ். பத்து கிலோமீட்டர், பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. மேல்புறம் தாண்டியதும் அண்ணன் போனில் பக்கத்து வீட்டு லில்லி சித்தி.

“ஏட்டி, கையெல்லாம் சோப்பு. வெள்ளம் விடு!”

பெட்டியைக் கூப்பிட்டு, தண்ணீருக்கு அழுத்தினேன். உடனே மறுபடியும் சித்தி. “பிள்ளே, நீ வெளக்கையில்லா போட்டிருக்க? நட்டப் பகல்ல தெரு கல்யாண வீடு மாதிரி மின்னுது!”

பக்கத்து சீட்டு மாமி கேட்டுக்கொண்டே இருந்தார். “மக்களே, நீ தண்ணி ஆபீசரா?”

“இல்ல மாமி, ஒம்பதாங் கிளாஸ் ஃபெயிலு.”

“அதுக்கென்ன, எங்க தெருவுக்கும் ரெண்டு கொடம் விடு.”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் போனபிறகு சத்தமாகச் சிரித்தது அன்றுதான்.

9.05. நாகர்கோவில். டீ 12 ரூபாய், ரசவடை 10. அண்ணன் சொல்லித் தந்தபடி, விளக்குக் கம்பங்களின் தலையில் குட்டிப் பெட்டி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்ததில் ஒரு ஆட்டோக்காரரிடம் ஏச்சும் வாங்கினேன்.

10.40. கொட்டாரம். வயலைப் பார்த்த சின்னக் கடை. சுனில் அண்ணன் கம்ப்யூட்டரில் எங்கள் பெட்டியைக் கூப்பிடக்கூடிய நம்பர்களின் பட்டியலைத் திறந்தார்.

“அவன் பேர அழிச்சிருவியளா?” என்று கேட்டேன்.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். முதல் வரியில் அஜின். இரண்டாவது வரியில் ‘சீஃப் என்ஜினியர்’. அதற்கு நேரே என் நம்பர்.

“பெட்டி மாட்டுன அன்னைக்கே உன்னயும் சேத்துட்டான். லீவு முடிஞ்சு கெளம்பும்போ சொல்லிக் குடுக்கணும்னு இருந்தான். உன் போன்லயிருந்து கூப்பிட்டாலே ஓடும், கேட்டியா?”

அழுதேன். அவர் எழுந்து கரும்புச் சாறு வாங்கப்போகிற மாதிரி வெளியே போனார். முதல் வரியை அப்படியே விடச் சொன்னேன். நம்பர் நின்றாலும் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

மாலை 6.20. திரும்பி வரும் பஸ், குழித்துறைப் பாலம். என் போனிலிருந்து கூப்பிட்டு, நிதானமாக, இரண்டை அழுத்தினேன். சித்தி கூப்பிட்டார், என் நம்பருக்கே: “வெளக்கு வந்திட்டு மக்கா. சீக்கிரம் வா.”

நாகர்கோவிலில் விளக்குகளை எண்ணி முடிக்க முடியாது. எங்கள் தெருவில் பன்னிரண்டுதான். பன்னிரண்டும் என் அண்ணன் வேலை. சர்ச்சோ, கோயிலோ, அய்யாவழிப் பதியோ, நீங்கள் எங்கே கும்பிட்டாலும் எங்கள் அஜினுக்காக எல்லாரும் ஒரு வார்த்தை பிரார்த்தனை பண்ணுங்கள்.