'பாத்தாச்சு' என்று சொல்ல ஒருத்தி

காலையில் பாப்பாவுக்கு ஒன்றரை வயதுத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தோம். மத்தியானத்துக்குள் உடம்பு சுடத் தொடங்கிவிட்டது. இந்தக் காய்ச்சல் வரும், வந்து தானாகப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். நானும் நர்சிங் படித்தவள்தான். தெரிந்த விஷயத்துக்குப் பயப்படக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லையே. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். நம்பிக்கை வராமல் இன்னொரு முறை பார்த்தேன். கருவியே தப்பாகக் காட்டுகிறதோ என்று என் அக்குளில் வைத்து அதையும் பரிசோதித்தேன். அலுவலகத்திலிருந்து போன் செய்த என் கணவர், "பாப்பாவுக்குக் காய்ச்சலா, உனக்கா?" என்று கேட்டார். போனை வைத்துவிட்டு மருந்து பாட்டிலைத் திறந்தேன்.

ஆரஞ்சு வாசனை. எந்த மரத்திலும் காய்க்காத, பாட்டிலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஆரஞ்சு. அது மூக்கில் ஏறியதும் எங்கள் வேங்கிக்கால் வீட்டின் ஹாலும் மின்விசிறியும் துணி காயும் கம்பியும் மெல்ல விலகிப்போயின. ஒரு தகரக் கொட்டகை வந்தது. கற்பூரப் புகை வந்தது. பக்கத்தில் நர்சிங் கல்லூரி மேடம் இல்லாத சமயமாகப் பார்த்து, குளுக்கோஸ் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கிழிக்கும் சங்கீதாவும் வந்துவிட்டாள்.

சங்கீதாவை உங்களுக்குத் தெரியாதல்லவா? போளூர்ப் பக்கத்துப் பெண். நர்சிங் படிப்பின் கடைசி வருடத்தில் என் ஜோடி.

ஜோடி என்றால் தோழி என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அது எங்கள் கல்லூரியின் ஏற்பாடு. கடைசி வருடத்தில் வார்டுக்கு அனுப்பும்போது எங்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். ஒருத்தி மருந்தைக் கையில் எடுத்து, பெயரையும் அளவையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருத்தி தன் கண்ணால் பார்த்து, "பாத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் விழுந்த பிறகுதான் மருந்து நோயாளியிடம் போகும். மனசுக்குள் சொல்லிக்கொள்வது, தலையாட்டுவது, 'ம்' போடுவது எதுவும் செல்லாது. காதில் விழவேண்டும்.

நாளாக ஆக அந்தப் பழக்கம் வார்டைத் தாண்டி விடுதிக்குள் வந்துவிட்டது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி, "உப்புமா, ஒரு கரண்டி" என்பாள். "பாத்தாச்சு. முந்திரி இல்ல" என்று அடுத்தவள் சொல்வாள். ஊருக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் பெட்டி, குடை, தண்ணீர் பாட்டில் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, வழியனுப்ப வந்த சங்கீதா ஒவ்வொன்றுக்கும் பாத்தாச்சு சொல்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. சின்ன வயசிலிருந்தே பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, நாலு வீடு தள்ளிப் போனதும் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிறவள் நான். அந்த ஒரு வருடம் நான் எதையும் திரும்பி வந்து பார்க்கவில்லை. சங்கீதா பார்த்துவிட்டாளே!

வெள்ளை உடுப்புக்குக் கஞ்சி போடுவதிலும் நாங்கள் ஜோடிதான். சனிக்கிழமைகளில் விடுதி மாடி முழுக்க வெள்ளை உடுப்புகள் விறைத்துப்போய்த் தொங்கும். காற்றடித்தால் சரசரவென்று ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அவற்றுக்குப் பின்னால் அண்ணாமலை. காலையில் நீலம், உச்சிவெயிலில் செம்மண், சாயங்காலம் இன்ன நிறம் என்று சொல்ல முடியாது. கஞ்சி வாசனையோடு அந்த மலையைப் பார்த்தபடி, படிப்பு இப்படியே முடியாமல் இருந்துவிட்டால் என்ன என்று யோசித்திருக்கிறேன். படிப்பை முடிக்கத்தானே வீட்டில் அனுப்பினார்கள் என்று உடனே குற்ற உணர்வும் வந்துவிடும்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் மேடம் வகுப்பில் சொன்னார். "இனிமே ஜோடி கெடையாது. பரீட்ச முடிஞ்சி, நர்சுன்னு ரிஜிஸ்டர் பண்ணி, வேலைக்குப் போனா பக்கத்துல எவளும் நிக்கப் போறதில்ல. இப்பவே பழகிக்கோங்க."

பின் வரிசையிலிருந்து சங்கீதா மட்டும், "மேடம், விவாகரத்துக்கு ஆறு மாசம் டைம் குடுப்பாங்களே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேடம்கூடச் சிரித்தார். நான் மட்டும் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினேன். அன்று சாயங்காலம் மாடியில் சங்கீதாவிடம் சொன்னேன்.

"என்னால தனியா முடியாதுடி. பரீட்ச எழுதிடறேன். ஆனா ரிஜிஸ்டர் பண்ணல. அப்பாகிட்ட வேற வேலைக்குப் போறேன்னு சொல்லிடப் போறேன்."

"இன்னா வேல?"

"எதுனா. துணிக்கட."

"துணிக்கடைல முழம் போடும்போது எவ பாத்தாச்சு சொல்லுவா? ஒரு முழத்துணிய ஒம்போது தடவ அளப்ப. மொதலாளி தொரத்திடுவாரு."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருடம் என்னைப் படிக்க வைத்தவர். எப்படி அமைத்தாலும் அந்த வாக்கியம் பாதியில் நின்றுபோயிற்று.

அந்த வாரம் பௌர்ணமி வந்தது. பௌர்ணமி என்றால் ஊருக்குள் ஊர் கொள்ளாத ஜனம் வந்து மலையைச் சுற்றுகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுற்றுப்பாதையில் அங்கங்கே மருத்துவ முகாம் போடுவார்கள். கடைசி வருட மாணவிகளை உதவிக்கு அனுப்புவார்கள். வெறுங்காலில் நடந்து கொப்புளம் போட்டவர்கள், மயக்கம் வந்தவர்கள், கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு ரத்த அழுத்தம் எகிறியவர்கள் என்று வந்துகொண்டே இருப்பார்கள். அதற்கு முன் எல்லாப் பௌர்ணமிக்கும் நானும் சங்கீதாவும் ஒரே கொட்டகை. இந்த முறை அவளை வேறொரு கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அடி அண்ணாமலைக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில், மேடத்தோடும் ஒரு டாக்டரோடும்.

வெயில் இறங்கி, நிலா இன்னும் ஏறாத நேரம். மலை பெரிய நிழலாக மட்டும் இருந்தது. பாதை முழுக்கக் கால்கள் நகரும் சத்தம், மழை தூரத்தில் பெய்வது போல. நெஞ்சு வலியோடு ஒரு பெரியவரைத் தூக்கி வந்தார்கள். அவரை ஆம்புலன்சில் ஏற்ற டாக்டரும் மேடமும் ஓடினார்கள். ஓடும்போதே மேடம் திரும்பி, "இங்க பாத்துக்கோ" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நிமிஷம் ஓர் அம்மாவை அவருடைய மகள் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். செங்கம் பக்கத்துக்காரர்கள். அந்த அம்மாவின் புடவை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. பெயரைக் கேட்டால் சொன்னார். தண்ணீரை விழுங்கச் சொன்னால் விழுங்கினார். ஆனால் பார்வை என்னைத் தாண்டி எங்கோ இருந்தது.

"சக்கர வியாதி இருக்கா?"

"இருக்கு. காலைல மாத்திர போட்டாங்க. வெரதம்னு ஒண்ணும் சாப்புடல" என்றாள் மகள்.

விரலில் ஊசி குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தேன். நாற்பத்தொன்பது. சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கிறது, உடனே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். பரீட்சையில் கேட்டால் தூக்கத்திலும் எழுதிவிடுவேன். ஆரஞ்சு வாசனைத் தூளைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். மகள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமா பண்ற? எங்கம்மாவுக்கு சுகர் ஜாஸ்தின்னு சொல்றேன், நீ குளுக்கோஸ் கரைக்கிற?"

"இப்ப கம்மியாய்டுச்சுக்கா. அதான் மயக்கம்."

"எங்க டாக்டரு சக்கர தண்ணியக் கண்ணால பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நீ டாக்டரா? டாக்டர் எங்க?"

அந்த அம்மாவும் தலையை ஆட்டினார். "சுத்தி முடிக்கிற வரைக்கும் வெறுந்தண்ணிதான்னு வேண்டிக்கினேன். வேணாம்மா."

என் கை அப்படியே நின்றுவிட்டது. நாற்பத்தொன்பதுதானா? தொண்ணூற்று நான்கை இடம்மாற்றிப் பார்த்துவிட்டேனோ? விரலில் தடவிய ஸ்பிரிட் காயும் முன் குத்திவிட்டேனோ? மகள் சொல்வதுதான் சரியோ? மேடம் வர இன்னும் எவ்வளவு நேரம்? இந்த அம்மா அதுவரை விழித்திருப்பாரா? கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஒரு வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது. கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி, வழக்கமாகச் சங்கீதா நிற்கும் பாதைப் பக்கமாகப் பார்த்து, உரக்கச் சொன்னேன்.

"சுகர், நாப்பத்தொம்போது!"

சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்வதற்கான இடைவெளியும் விட்டேன்.

பாதையில் போய்க்கொண்டிருந்த ஜனம், யாரோ பக்தியில் குரல் கொடுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டது. சுற்றுப்பாதையில் ஒருவர் குரலெழுப்பினால் என்ன சொன்னார் என்றா கேட்பார்கள்? நூறு வாய்கள் ஒன்றாகத் திறந்தன.

"அரோகரா!"

அதற்குப் பின்னால் வந்தவர்கள் அதைக் கேட்டு இன்னொரு அரோகரா. அது அலை மாதிரி பாதையின் வளைவு வரைக்கும் போய்க் கரைந்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெட்கமா, சிரிப்பா, அழுகையா, இன்றைக்கும் தெரியவில்லை. மகள் என் மணிக்கட்டை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பாதையைப் பார்த்தாள். அந்த அம்மாதான் முதலில் பேசினார். எங்கோ இருந்த பார்வை மெல்லத் திரும்பி என் முகத்துக்கு வந்தது.

"அவரே உத்தரவு குடுத்துட்டாரு. குடும்மா" என்று சொல்லி, குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்தேன். நடுக்கம் நின்றது. வியர்வை காய்ந்தது. கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. மேடம் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அந்த அம்மா பிஸ்கட் தின்றுகொண்டே, சிறியவளாக இருந்தபோது மலை சுற்றியதை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடம் கருவியை வாங்கி இரண்டு அளவையும் பார்த்தார். "யாரக் கேட்டுக் குடுத்த?"

"யாரையும் கேக்கல மேடம். சத்தமா சொன்னேன். அரோகரான்னாங்க."

மேடம் கருவியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "டீ குடிச்சியா?" என்று கேட்டார். அதற்குள் மலையின் தோளில் நிலா ஏறிவிட்டது.

மறுநாள் சங்கீதாவிடம் சொன்னபோது கட்டிலில் உருண்டு சிரித்தாள். "அடிப்பாவி, நான் இல்லன்னதும் ஊரையே ஜோடி சேத்துக்கினியா?" என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "துணிக்கடைக்கு எப்பப் போற?" என்று கேட்டாள். அப்பாவுக்கு அமைத்துவைத்த வாக்கியம் எங்கே போயிற்று என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பதிவு செய்தோம். வேலைக்கும் போனேன். முதல் நாள் வார்டில் மாத்திரையை எடுத்து வாய்விட்டுப் படித்துவிட்டுக் காத்திருந்தேன். மூத்த சிஸ்டர் ஒருவர், "யாராண்டமா பேசினு இருக்க?" என்று கேட்டார். இன்சுலின் போன்ற சிலவற்றை இருவர் பார்க்க வேண்டும் என்பது அங்கேயும் உண்டு. மற்றதெல்லாம் நம் கண், நம் கை. அதன் பிறகு மெதுவாகத்தான் சொல்வேன், உதடு மட்டும் அசையும். ஆனால் இடைவெளி விடாமல் ஒரு மருந்தும் கொடுத்ததில்லை. பாப்பா பிறந்த பிறகு வேலையை விட்டேன். திரும்பப் போகவேண்டும், போகலாமா, பாப்பாவை யார் பார்ப்பார்கள் என்று அது ஒரு தனிக் கதை.

இதெல்லாம் ஏன் இன்று ஞாபகம் வருகிறது என்றால், ஆரஞ்சு மட்டும் காரணமில்லை. போன வாரம் கல்லூரியிலிருந்து போன் வந்தது. கடைசி வருடப் பெண்கள் வெளியே போகப்போகிறார்கள், தனியாக வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று வந்து ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவள் என்ன பேசுவது? ஜோடி முறை இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். போனில் பேசிய பெண்ணுக்குப் புரியவில்லை. இப்போதெல்லாம் பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரியில் மருந்து அட்டையைக் கருவியில் காட்டினால் அதுவே 'பீப்' என்று சத்தம் போட்டுவிடுகிறதாம். நல்லதுதான். அதற்குத் தூக்கம் வராது, மறதி கிடையாது. முந்திரி இல்லை என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் விடுதி இப்போது லாட்ஜாகிவிட்டது. கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு போய், அலசிப் போட்டால் காயும் கலர்த் துணி வந்துவிட்டது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகள் நிற்கின்றன. தகரக் கொட்டகை இருந்த இடத்தில் கரும்புச்சாறு விற்கிறார்கள். சங்கீதா மஸ்கட்டில் இருக்கிறாள். பாப்பா படம் அனுப்பினால் இதயப் பொம்மை அனுப்புவாள். அவள் குரலைக் கேட்டே நாளாகிறது.

கல்லூரிக்குப் போகலாம் என்றுதான் நினைக்கிறேன். நீங்களாக இருந்தால் போவீர்களா? போனால், தனியாக நிற்கப் பழகிவிடும் என்று மட்டும் அந்தப் பெண்களிடம் சொல்ல மாட்டேன். எனக்கு அது பழகியதே இல்லை. வாய்விட்டுச் சொல்லுங்கள், சொல்லிவிட்டு ஒரு சொல்லுக்கு இடம் விடுங்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். சிரிப்பார்கள்.

பாப்பா மடியில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்தை அளவுக் குழலில் ஏற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். "மூணு எம்.எல்." என்று வாய்விட்டுச் சொன்னேன். மின்விசிறி சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே மலை இருந்தது. ஒரு சொல் வந்து உட்காரும் அளவுக்கு இடம் விட்டேன். யாரும் வரவில்லை.

பாப்பா வாயைத் திறந்தாள்.