கொளஞ்சியப்பரிடம் இரண்டு பிராது

விருத்தாசலம் பக்கம் போகிறவர்கள், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது எப்படி என்று கேட்டு எழுதுகிறீர்கள். நான் கட்டியது எழுபத்தொன்று டிசம்பரில், பாகிஸ்தானோடு போர் தொடங்கிய மூன்றாம் நாள். என் வீட்டுக்காரர் அப்போது கிழக்கு எல்லையில் சிப்பாய்.

முறை எளிது. குறையைத் தாளில் எழுதி, அங்கே கொளஞ்சியப்பராக இருக்கும் முருகன் காலடியில் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்ட வேண்டும். தொண்ணூறு நாளில் நடந்துவிடும் என்பது நம்பிக்கை. நடந்தபின் திரும்ப வந்து ராஜினாமா எழுதிக் கொடுத்து வழக்கை முடிக்க வேண்டும். சாமியிடமும் ஆபீஸ் நடைமுறைதான்.

நான் எழுதியது ஒரே வரி: ‘நம் நாடு ஜெயிக்க வேண்டும்.’ எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அங்கே நிற்கும்போது என்னவரை மட்டும் கேட்கக் கூச்சமாக இருந்தது. நாடு ஜெயித்தால் அவர் தானாக வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

நாடு ஜெயித்தது. கடிதம் வரவில்லை. ஜெயித்த மூன்றாம் நாள் அத்தை, அதாவது என் மாமியார், “சாமி குடுத்த வாக்க காப்பாத்திட்டாரு. போயி முடிச்சிட்டு வந்துடுவோம்” என்றார். எனக்குப் போக மனம் வரவில்லை. கேட்டதை மட்டும் கொடுத்துவிட்டுச் சாமி கணக்கை முடித்துக்கொண்டால்?

சேத்தியாத்தோப்பில் காலை ஆறு பத்துக்குப் பஸ். விருத்தாசலத்துக்கு இருபத்துமூன்று கிலோமீட்டர், ஒரு மணி நேரம், ஆளுக்கு எழுபது பைசா. வழியில் காக்கி உடுப்பு எது கண்ணில் பட்டாலும், தந்திச் சேவகரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பஸ் நிலையத்துக்கு வெளியே பீங்கான் பட்டறைப் பெண்கள், சூளையிலிருந்து வந்த புதுக் கோப்பைகளில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். “ஜெயிச்சிட்டோம், எடுத்துக்கங்க” என்றார்கள். வாங்கிக்கொண்டேன். சாப்பிடாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஜட்கா. வண்டிக்கார பாய் திரும்பிப் பார்த்து, “சண்டதான் முடிஞ்சிடுச்சேம்மா, இன்னும் ஏன் மொகம் இப்புடி இருக்குது?” என்றார். அத்தைதான் பதில் சொன்னார்: “புள்ள கிட்டேருந்து கடுதாசி, தாக்கல் ஒண்ணும் இல்லீங்க பாய்.” கோயில் வாசலில் இறக்கிவிட்டார். ஆளுக்கு எட்டணா கேட்க வேண்டியவர் ஒன்றும் வாங்காமல் போனதில் என் பயம் கூடியது.

கோயிலில் எழுதுகிறவர் தாளை நீட்டினார். “இதுலேயே இன்னொன்னு சேத்துக்கலாங்களா?” என்று கேட்டேன்.

“அது புதுப் பிராதும்மா. மொதல்ல நடந்ததுக்கு நன்றி சொல்லுங்க.”

எழுதினேன்: ‘நாடு ஜெயித்தது. கிழக்கு வங்காளச் சனங்களுக்கும் விடுதலை கிடைத்தது. நன்றி.’ என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையெழுத்துப் போடும்போது அவரையே எழுதிக் கொடுத்துவிட்டது போல அழுகை வந்தது.

எழுதுகிறவர் அத்தையைப் பார்த்தார். “ஒங்களுதும்மா?”

“என்னுது இன்னும் நடக்கலீங்க” என்றார் அத்தை.

அத்தையும் பிராது கட்டியது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் தடவை நாங்கள் வந்த அன்றைக்கு, நான் பிரகாரம் சுற்றி வருவதற்குள், எழுதப் படிக்கத் தெரியாத அத்தை எழுதுகிறவரிடமே சொல்லி எழுதவைத்துக் கட்டியிருக்கிறார், மகன் பேரோடு.

“நீ நாட்டுக்குக் கேட்ட. அவனுக்கு யாரு கேக்குறது? இன்னும் நாளு இருக்குது, வா.”

திரும்பும் பஸ்ஸில் அத்தை தூங்கினார். நான் மீதி நாட்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு என் யோசனை: காலையிலேயே போய்விடுங்கள். உங்கள் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள், ஊர் எவ்வளவு தூரம் என்று பார்த்துத்தான் பிராதுக்குக் கட்டணம். நாட்டுக்காகக் கேளுங்கள், கிடைத்தால் மறக்காமல் நன்றி சொல்லுங்கள். கூடவே உங்கள் ஆளின் பெயரையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

அத்தையின் ராஜினாமாவுக்கு, பிராது கட்டிய எழுபத்தெட்டாம் நாள் போனோம். எழுதுகிறவரிடமிருந்து தாளை என் வீட்டுக்காரரே வாங்கிக்கொண்டார். வலது கையில் பெரிய கட்டு, அத்தனை நாள் கடிதம் வராததற்குக் காரணம் அதுதான். இடது கையால், கோணல்மாணலாக, தான் வந்து சேர்ந்துவிட்டதாக எழுதினார்.