வேனில் ஓர் ஆள் கூடுதல்

விமான நிலையத்தில் அவளை எல்லோரும் மாடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில், வழியனுப்ப வருகிறவர்கள் நின்று கையசைப்பதற்கென்று கம்பி போட்ட ஓர் இடம் இருந்தது. அங்கே நுழைகிறவர்களின் சீட்டைக் கிழித்துக் கொடுப்பது அவள் வேலை. சீட்டு கிழிப்பதெல்லாம் பெயருக்குத்தான். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, கம்பியில் ஏறும் பிள்ளைகளை இறக்கிவிடுவது, தப்பான விமானத்துக்குக் கையசைக்கிறவர்களைத் தடுப்பது எல்லாம் அவள் தலையில்தான்.

"அம்மா, அது எங்கயும் போகல. ரிப்பேருக்கு நிக்குது. உங்க பையன் ஏறினது அந்த நீல வாலு."

"அடப் பாவமே! இவ்வளவு நேரம் யாருக்கு அழுதேன்?"

"பரவாயில்ல, கொஞ்சம் மிச்சம் இருக்கும்ல. இப்ப அந்தப் பக்கம் திரும்பி அழுங்க."

மாடியின் மூலையில், நிழல் விழும் இடத்தில் ஒரு பெஞ்சு. அதில் தினமும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். அவளுடைய மாமனார். அவளைவிட, மேலாளரைவிட, அந்தக் கட்டடத்தையும்விட அவருக்கு அந்த இடத்தில் அனுபவம் அதிகம். வெறும் மேய்ச்சல் நிலமாக இருந்தபோது முள்ளை வெட்டி ஓடுபாதைக்கு நிலம் திருத்திய கூட்டத்தில் அவரும் ஒருவர். அப்போது ஒரு தகரக் கொட்டகையும் காற்றடிக்கும் திசை பார்க்க ஒரு துணிப் பையும் மட்டும்தான். வாரம் ஒருமுறை தபால் விமானம் வரும். தபால் மூட்டைகளுக்கு நடுவே நாலைந்து பேர் முகம் வெளிறி இறங்குவார்கள். விமானம் தரை தொடுவதற்குள் ஆடுகளை விரட்டியாக வேண்டும். விமானம் தாமதமாகி இருட்டிவிட்டால் ஓடுபாதையின் இரு ஓரமும் மண்ணெண்ணெய் விளக்குகளை ஏற்றிவைக்க வேண்டும். அது அவர் பொறுப்பு. ஒரு பக்கம் ஏற்றி முடிப்பதற்குள் மறுபக்கம் காற்று அணைத்துவிடும். மேலே விமானம் வட்டமடிக்க, கீழே அவர் தலைதெறிக்க ஓடுவார்.

பிறகு மின்விளக்கு வந்தது. கொட்டகை கட்டடமானது. வெளிநாட்டு வேலைக்கு ஊர் ஊராகப் பிள்ளைகள் கிளம்ப, வாராந்திர விமானம் தினசரியாகி, ஒரு நாளைக்குப் பலவாயிற்று. போவது ஒருவன், அனுப்ப வருவது ஒரு வேன் ஜனம். விமானத்தில் ஏறுகிறவர்களை மட்டும்தான் அரசாங்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மாடியில் நின்று அழுகிறவர்களையும் சேர்த்திருந்தால் நம் விமான நிலையம் எங்கேயோ போயிருக்கும் என்பாள் மாடியக்கா.

அவள் கணவனும் அப்படிப் போனவன்தான். போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "அப்பாவைப் பாத்துக்கோ."

அவர் மறக்கத் தொடங்கியது அதற்கப்புறம். முதலில் பெயர்கள், பிறகு வேளைகள், பிறகு வீடு. பேருந்து நிலையத்தில் ஒருமுறை கண்டெடுத்தார்கள். இன்னொருமுறை யாரோ கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கூரையில்லாத அறைக்குள். இரண்டாவது தடவை நாத்தனார் வந்து நிதானமாக உட்கார்ந்து பேசினாள்.

"உன்னைக் குறை சொல்லல. நீ ஒத்தை ஆள், என்ன பண்ணுவே? ஊருக்கு வெளிய ஒரு விடுதி பாத்துட்டு வந்திருக்கேன். பூட்டுன கேட்டு, நல்ல ஆளுங்க. இன்னொரு தடவை அப்பா தொலைஞ்சா, நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன். கொண்டுபோய் விட்டுடுவேன்."

"சரி அண்ணி" என்றாள் அவள். நியாயமான பேச்சுதான். ஆனால் பூட்டிய கதவைக் கண்டால் திறக்கும்வரை அவர் தட்டிக்கொண்டே இருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் காலை அவருக்குச் சட்டை மாட்டி, கையைப் பிடித்து, தன்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேலாளர் பார்த்தார், பார்க்காததுபோல் இருந்தார். "அவர் எனக்கு முன்னாடி வேலைக்குச் சேந்தவர். அவரை வெளிய போகச் சொல்ல நான் யாரு?" என்று மட்டும் சொன்னார்.

அந்த மாடியின் கடைசி நாள் வந்தது. பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம் தயாராகிவிட்டது. நாளை முதல் எல்லோரும் வாசலோடு நிற்க வேண்டியதுதான். கையசைக்க இடம் கிடையாது. இதைக் கேள்விப்பட்டு அன்று கூட்டம் வழக்கத்தைவிட நெரிந்தது. நீல வால் விமானம் கிளம்பிய நேரம் பார்த்து ஒரு சின்னப் பெண் கம்பிகளுக்கு நடுவே தலையை நுழைத்துக்கொண்டு, எடுக்க முடியாமல் அலறினாள். சோப்பு கொண்டு வந்து, காதுகளில் தடவி, "இந்தக் காதை யாரு இவ்வளவு பெருசா வாங்கிக் கொடுத்தா?" என்று சிரிக்க வைத்துத் தலையை மெல்லத் திருப்பி வெளியே எடுத்துவிட்டு மாடியக்கா நிமிர்ந்தாள்.

பெஞ்சு காலியாக இருந்தது.

கழிப்பறை, குழாயடி, சிற்றுண்டிக் கடை எங்கும் இல்லை. வாசல் காவலர் கையை விரித்தார்.

"பெரியவரா? ஒரு கூட்டத்தோட அழுதுகிட்டே போனாரே. உங்க சொந்தக்காரங்கன்னுல்ல நெனச்சேன்!"

"எந்த வண்டி?"

"வெள்ளை வேன்."

அங்கே வந்துபோகும் எல்லா வேனும் வெள்ளைதான். மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தேடிப் பிடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அல்லது சொல்லாமலேயே விடலாம். ஆனால் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, மாமாவைக் காணோம்."

"வரேன்" என்று நாத்தனார் போனை வைத்துவிட்டாள்.

நடந்தது என்னவென்று பிறகுதான் தெரிந்தது. அந்த வேனில் வந்தது புதிதாகக் கல்யாணமான ஒருவனை வழியனுப்ப வந்த கூட்டம். பாதிப் பேர் மாப்பிள்ளை வீடு, பாதிப் பேர் பெண் வீடு. விமானம் மேலே ஏறியதும் அந்த இளம்பெண் உடைந்து அழ, பெரியவர் போய் அவள் தலையில் கைவைத்து, "அழாதம்மா, வந்துடுவான்" என்று தானும் அழுதிருக்கிறார். கணவனின் பெரியப்பா போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். பெண்ணின் தாத்தா என்று மாமியார் நினைத்தாள். யாரைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்பது? சம்பந்தி வீட்டு மரியாதை போய்விடாதா? நல்ல இடமாகப் பார்த்து, ஜன்னலோரம் உட்கார வைத்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பாதி வழியில் தேநீர்க் கடையில் நிறுத்தியபோதுதான் ஓட்டுநர் குழம்பினார்.

"வரும்போது பதினாலு பேரு. ஒருத்தரை ஏத்தி அனுப்பிட்டோம். பதிமூணு டீ சொன்னேன். எப்படிப் பத்தல?"

"பெண் வீட்டுப் பெரியவருக்கு முதல்ல கொடுங்கப்பா" என்றாள் மாமியார்.

"எங்க வீட்டுப் பெரியவரா? உங்க ஆளுன்னுல்ல நாங்க எழுந்து இடம் விட்டோம்!" என்றார் பெண்ணின் அப்பா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இருட்டுது, விமானம் வந்துடும். இன்னும் விளக்கு ஏத்தல. வண்டியைத் திருப்புங்க" என்றார். வீடு எங்கே என்று கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. விளக்கு என்பதில் மட்டும் பிடிவாதமாக நின்றார்.

"வாங்கய்யா, திருப்பிடுவோம்" என்றார் ஓட்டுநர்.

நாத்தனார் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மாடியக்கா வாசல் தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். அப்போதுதான் அந்த வேன் வந்து நின்றது. ஜன்னலோரம் பெரியவர். மடியில் பிஸ்கட் பொட்டலம். மாடியக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன உயிர் திரும்ப வந்தது என்பார்களே, அது காலிலிருந்துதான் ஏறி வரும் என்று அன்று தெரிந்துகொண்டாள்.

"யாரும்மா இவரோட மக?" மாமியார் இறங்கியபடியே கேட்டாள். "தங்கமான மனுசன். வழி பூரா என் மருமகளைச் சிரிக்க வச்சுட்டு வந்தாரு. சாயங்காலம் வரைக்கும் எங்க சம்பந்தியா இருந்தாரு. பத்திரமா வச்சுக்கோங்க."

நாத்தனார் முன்னால் போனாள். பெரியவர் மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார், பிடி கிடைக்கவில்லை.

"யாரையாவது அனுப்ப வந்தியாம்மா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லப்பா. கூப்பிட்டுப் போக வந்தேன்."

அதே நேரத்தில் ஓடுபாதையின் விளக்குகள் வரிசையாக எரிந்தன. அவர் திரும்பிப் பார்த்து, யாரோ தன் வேலையை முடித்துவிட்ட நிம்மதியில் பெருமூச்சு விட்டார். "சரி, வீட்டுக்குப் போலாம்" என்றார்.

ஆட்டோவில் அவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு வந்தார்கள். விடுதிப் பேச்சு எந்த நேரமும் வரும் என்று மாடியக்கா காத்திருந்தாள். வீடு நெருங்கும்போது நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"வாரத்துல பாதி நாள் நான் வந்து இருக்கேன். மிச்சம் நீ பாத்துக்கோ. தொலைஞ்சாலும் நல்ல இடமாப் பாத்துத்தான் தொலையுறாரு."

இருவரும் சிரித்தார்கள். பெரியவரும் சேர்ந்து சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் போனார். வீட்டில், தன் கட்டிலில், கதவு திறந்திருக்க. துக்கம் கேட்க வந்த கூட்டத்தில் ஒரு வெள்ளை வேனும் வந்து நின்றது. அந்த இளம்பெண் மாடியக்காவின் தோளில் முகம் புதைத்து அழுதாள். "நீங்க எந்தப் பக்கச் சொந்தம்?" என்று யாரோ கேட்க, "எல்லாப் பக்கமும்தான்" என்றாள் மாமியார்.

கிளம்பும்போது ஓட்டுநர் பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணினார். வந்தவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். கூடுதலாக யாரும் இல்லை. அதன் பிறகும் கொஞ்ச நேரம் அவர் வண்டியை எடுக்கவில்லை.