சாமி டைல்ஸ் முடியும் இடம்

நாற்பத்தாறு வயதில் மறுபடி சைக்கிள் ஏறினேன். ஆசைப்பட்டு ஏறவில்லை, சர்க்கரை ஏற்றிவிட்டது. "இதுக்கு மேல மாத்திரை கூட்ட முடியாதும்மா. உடம்ப அசைக்கலன்னா ஊசிதான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஊசி என்றால் எனக்கு உயிரே போய்விடும். நடக்கலாம் என்றால் முட்டி விடாது. ஆகவே பழைய சைக்கிளுக்கு இரண்டு டியூப் மாற்றி எடுத்தேன்.

ஓட்டுவதற்கு ஒரு தெரு வேண்டுமே. எங்கள் பகுதியான சாரத்திலிருந்து மெயின் ரோடு ஏறிய முதல் நாளே பின்னால் வந்த பஸ் அடித்த ஹாரனில் ஓரத்து மணலில் சரிந்தேன். கடற்கரைப் பக்கத்துத் தெருக்களுக்குப் போனால், வார விடுமுறைக்கு வந்தவர்கள் விட்டுப்போன பாட்டிலும் வாந்தியும். அதற்கு நாலடி தள்ளி நின்று ஒரு ஜோடி மஞ்சள் சுவரோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அருவருப்பில் திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி ஒரு தெரு கிடைத்தது. பஸ் இல்லை, ஹாரன் இல்லை, ஆளே இல்லை. ஏன் இல்லை என்பது இரண்டு நாளில் தெரிந்தது. பாதி தூரம் ஒரு நீளமான காம்பவுண்டு சுவர். யாரும் அசிங்கம் செய்யாமல் இருக்க, வீட்டுக்காரர் அதில் வரிசையாகச் சாமி டைல்ஸ் பதித்திருந்தார்: ஏசு, பிள்ளையார், பிறை. டைல்ஸ் இருக்கும்வரை தரை சுத்தமாக இருக்கும். கடைசி டைல்ஸ் தாண்டியதும் குப்பை தொடங்கும். கோழி இறகு, மீன் குடல், குழந்தைகளின் டயப்பர், அதன்மேல் பெருச்சாளி. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் ஓட்டுவேன். சில நாள் குமட்டி, இறங்கித் துப்பிவிட்டு மறுபடி ஏறுவேன். ஆனாலும் போனேன். இதை விட்டால் எனக்கு வேறு தெரு இல்லை, ஊசிதான்.

வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது, அங்கே குப்பை போடுகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். என் கணவர் தலையாட்டிக் கேட்பார்.

ஒரு திங்கட்கிழமை டயரில் காற்று இறங்கியிருந்தது. அடித்துக்கொண்டு கிளம்ப அரை மணி நேரம் தாமதம். சுவரருகே எனக்குச் சற்றுத் தூரம் முன்னால், ஹெல்மெட் போட்ட ஒருவரின் ஸ்கூட்டர் மெதுவாகப் போனது. ஏசு டைல்ஸ் வந்ததும் ஓட்டியவர் வேகத்தைக் குறைத்து, பக்தியாக நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு கடைசி டைல்ஸ் தாண்டி, காலடியில் இருந்த பையை எடுத்து, நிற்காமலே வீசினார். பை கிழிந்து நண்டு ஓடு ரோடெல்லாம் சிதறியது.

என்ன பக்தி, என்ன ஜென்மம் என்று காறித் துப்பினேன். நாலு வார்த்தை கேட்டே தீர்வது என்று மிதித்துப் போய் வழிமறித்தேன்.

ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கியவர், பால் வாங்கக் கிளம்பிய என் கணவர்.

"வெக்கமா இல்லீங்க உங்களுக்கு? சிலுவ போட்டுட்டு செய்யிற வேலையா இது?" என்று கத்தினேன். நேற்று மதியம் அந்த நண்டை நான்தான் குழம்பு வைத்திருந்தேன்.

அவர் ஸ்கூட்டரை அணைக்கவுமில்லை.

"குப்ப வண்டி பத்து மணிக்கு வருது. அப்ப ரெண்டு பேருமே ஆபீஸ்ல இருக்கோம். டெய்லி நீதான குப்ப பைய முடிச்சு போட்டு என் ஸ்கூட்டர்ல வெக்கிற? எங்க கொண்டு போறேன்னு இத்தன வருசத்துல ஒரு நாளாவது கேட்டியா?"

கேட்டதில்லை. கேட்டிருந்தால், அந்த நாற்றத்தை யார் சுமப்பது என்ற பேச்சு என்னிடம் வந்திருக்கும்.